நம்பர் தெரியணும்

பழைய காடிகளைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒரு தனிப் பொறுமை உண்டு. ஆள் விலகும்வரை காத்திருக்கும் பொறுமை. ஒரு மோரிஸ் மைனர் பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால், நம்ம ஆட்கள் கேமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மேகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பம் நகர்ந்த அடுத்த நொடி நாலு பேர் ஒரே நேரத்தில் முட்டி போடுவார்கள். காடி மட்டும் இருக்க வேண்டும், சுற்றிலும் மனித வாடையே கூடாது. அதுதான் நல்ல படம் என்று எங்கள் வட்டத்தில் ஓர் எழுதாத சட்டம். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால், ஓரத்தில் யாருடைய முழங்கையாவது தெரிந்தால்கூட, "கிரோப் பண்ணியிருக்கலாமே பிரதர்" என்று உடனே வந்துவிடும்.

எனக்கு அந்தக் குடும்பம்தான் வேண்டும். எட்டு வருடமாக ஈப்போ, தைப்பிங், பத்து காஜா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுகிறேன். எடுத்ததில் நான் வைத்துக்கொண்ட படங்களில் பாதிக்கு மேல் காடிக்கு முன்னால் நிற்கிறவர்களின் படங்கள்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழங்காடிக் காட்சி என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பேரங்காடியின் நிறுத்துமிடம், இல்லையென்றால் ஒரு திடல். காலை ஏழு மணிக்கே வந்து வரிசை கட்டிவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே என்ன வருகிறது என்று சொல்லிவிடலாம். காற்றில் குளிரும் எஞ்சினைப் பின்பக்கம் வைத்திருக்கும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், தையல் மிஷின் ஓட்டுகிற மாதிரி வரும். மெர்சிடிஸ் டீசல் வந்தால், அந்தக் கால அவுட்ஸ்டேஷன் டாக்சியில் நாலாவது ஆளுக்காகக் காத்துக்கிடந்தவர்களுக்கெல்லாம் வயிற்றில் அந்த அதிர்வு தெரியும். வந்தவர்கள் பூட்டைத் திறந்து, மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் இருப்பார்கள். கார்புரேட்டர் பேச்சு வந்துவிட்டால் மூன்று மொழியும் ஒன்றாகிவிடும்.

வெளிச்சம்தான் பெரிய தொல்லை. பத்து மணி ஆகிவிட்டால் வெயில் நேர் மேலே வந்து, காடியின் வளைவையெல்லாம் தட்டையாக்கிவிடும். குரோம் பம்பர் வெறும் வெள்ளைக் கோடாகும். அதனால் ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் முடிக்கப் பார்ப்பேன். லென்ஸ் முன்னால் போலரைசர் என்று ஒரு கண்ணாடி மாட்டுவோம். அதைத் திருப்பத் திருப்ப, முன்கண்ணாடியில் படிந்திருக்கும் வானமும் மரமும் கரைந்து, உள்ளே இருக்கிற ஸ்டீயரிங், சீட், கண்ணாடியில் தொங்கும் மணி எல்லாம் மேலெழுந்து வரும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அலுக்காத ஒரு கணம் அது. ஆனால் குரோமிடம் அதன் வேலை நடக்காது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அது அடக்குவதில்லை. ஆகவே சக்கர மூடியில் படம் எடுக்கிறவன் குட்டியாக நின்றுகொண்டுதான் இருப்பான். நண்பர்கள் வீட்டுக்குப் போய் கணினியில் தங்களை அழித்துவிடுகிறார்கள். நான் அழிப்பதில்லை. நானும் அன்றைக்கு அங்கேதான் நின்றேன்.

எது பழங்காடி என்பதில் சண்டையும் நடக்கும். புரோட்டோன் சாகாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் பெரிசுகளுக்குப் பிடிக்காது. "இதுல நான் மார்க்கெட்டுக்குப் போனேன்டா, இதப் போயி காட்சிக்கு வைக்கிறீங்க" என்பார்கள். சாகா அறிமுகமானது 1985 ஜூலையில். நாற்பது வருடம் கடந்துவிட்டது என்பதை ஏற்றுக்கொண்டால் தங்கள் வயதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. இந்த விஷயத்தில் என் கட்சி இளைஞர்கள் கட்சி. நம் குடும்பங்களில் முதல் முறையாகப் புது காடி, அதுவும் சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத காடி என்று பல வீடுகளில் நுழைந்தது சாகாதான். அதற்கு முந்தைய காடிகளை நம்மில் பெரும்பாலோர் ஓட்டினோம், கழுவினோம், பழுது பார்த்தோம். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. அம்மாவின் ஆல்பத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எடுத்தது. தாத்தா வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையுடன் ஒரு மோரிஸ் மைனருக்குப் பக்கத்தில் நிற்கிறார். வலது கை மட்கார்டின் மேல் இருக்கிறது. காடி தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருடையது. தாத்தா பால்மரம் வெட்டியவர். சைக்கிள்கூட ரொம்பப் பிந்தித்தான் வாங்கினாராம். ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று டிரெஸ்ஸரிடம் அனுமதி கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது. ஒரு பிரதி முசிறிப் பக்கத்தில் அவருடைய தம்பி வீட்டுக்குப் போனது. இன்னொன்று எங்களிடம் தங்கியது.

பழங்காடிப் பைத்தியம் பிடித்த பிறகு அந்தப் படத்தை நான் வேறு மாதிரிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். முன்கண்ணாடி ஒரே கண்ணாடி கிடையாது. நடுவில் ஒரு கம்பி நின்று இரண்டாகப் பிரிக்கிறது. மோரிஸ் மைனர் 1948-இல் வந்தது. இந்த இரட்டைக் கண்ணாடி 1956 வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஒரே வளைந்த கண்ணாடியாக்கிவிட்டார்கள். ஆக அந்தக் காடி 1956-இலோ அதற்கு முன்போ செய்தது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு நீளமான பிளவு தெரிகிறது. அதுதான் டிராஃபிகேட்டர். திரும்பும்போது அதிலிருந்து விளக்கு வைத்த ஒரு சின்னக் கை வெளியே நீளும். காட்சிகளில் யாராவது அதை இயக்கிக் காட்டினால், பிள்ளைகள் கூடிவிடும். "காடி கை தூக்குது!" நம்பர் பிளேட்டில் 'ஏ' என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. பேராக் மாநிலப் பதிவு. மீதி எழுத்தும் எண்ணும் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டன.

அந்த வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க முடிந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். எண் தெரிந்தால் என்ன செய்துவிடப் போகிறேன்? ஒன்றும் இல்லை. இருந்தாலும் எந்தக் காட்சியில் இரட்டைக் கண்ணாடி மைனரைப் பார்த்தாலும் முதலில் கண் பிளேட்டுக்குத்தான் போகும்.

படத்துக்கு ஒரு பின்கதை உண்டு. அம்மா 1994-இல் முதல்முறையாக முசிறிக்குப் போனார். தாத்தா அப்போது இல்லை. அந்த வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அதே படம், சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து மாட்டியிருந்ததாம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தபோது தாத்தாவின் தம்பி மகன் கேட்டிருக்கிறார். "ஏக்கா, பெரியப்பா கார் இப்ப யாருகிட்ட இருக்கு?" அம்மா ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "அத வித்துட்டோம் தம்பி" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பார். "நாப்பது வருசமா அவங்க வீட்டுல ஓடிக்கிட்டு இருந்த காடிய நான் போயி நிறுத்துவனா?"

காடியின் முன்னால் நிற்கிற குடும்பங்களுக்காக நான் காத்திருப்பது இதனால்தான். அவர்கள் கையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பேன். 'தொடாதீர்கள்' என்று பலகை இருக்கும். இருந்தாலும் விரல் நுனி மட்டும் மட்கார்டின் விளிம்பில் போய் உட்காரும். வயதானவர்கள் என்றால் கதவின் கைப்பிடிக்குப் போகும். ஒரு முறை தமிழ்நாட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ஒருவர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்து, "அட, நம்ம அம்பாசடர்!" என்று கிட்டத்தட்டக் கட்டிப்பிடித்துவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை மாடலைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடராக 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்தது. காடியின் சொந்தக்காரரான சீனப் பெரியவர் கோபித்துக்கொள்ளாமல் சாவியைக் கொடுத்து உள்ளே உட்காரச் சொன்னார். அந்த ஆள் உட்கார்ந்ததும் முதலில் ஹாரனைத் தேடினார்.

காட்சிக்கு வைத்த காடிகளின் முன்னால் ஓர் அட்டை இருக்கும். எந்த வருடம், எத்தனை சிசி, எங்கே செய்தது, இப்போது யாருடையது. நல்ல தகவல்தான். ஆனால் இடையில் அதை வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள் யாரும் அதில் வருவதில்லை. துரையின் பங்களாவில் நின்ற காடி என்றால் துரை பெயராவது வாய்வழியாக வரும். அதைத் தினமும் விடியலில் துடைத்தவன், மழையில் மண் பாதையில் தள்ளியவன் வரமாட்டான். அவசரகாலத்தில் தோட்டத் துரைமார்கள் தங்கள் காடிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள் என்று படித்திருக்கிறோம். ஓட்டுநர் வைத்து ஓட்டிய துரைமார்களும் இருந்தார்கள். குண்டு வந்தால் அந்த ஓட்டுநரும் அதே காடியில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் நான் பெடல் ரப்பரை எடுப்பேன். கிளச் பெடலில் இடது ஓரம் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கில் பத்துக்கு இரண்டு நிலையில் பளபளப்பு ஏறியிருக்கும். ரீஸ்டோர் செய்கிறவர்கள் முதலில் கழற்றித் தூக்கிப் போடுவது இவற்றைத்தான். புதுசாக்கினால்தானே விலை.

இனி டட்சன் அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. ஜேகேஆரில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு புந்தோங்கில், கச்சாங் பூத்தே கடைகளுக்குப் பின் தெருவில். வெளிர் மஞ்சள் டட்சன் 120ஒய். நம் நாட்டில் எழுபதுகளின் பிற்பாதியில் எங்கே திரும்பினாலும் நின்ற காடி. டான் சோங் நிறுவனம் சிகாம்புட்டில் தொழிற்சாலை திறந்தது 1976-இல். 1171 சிசி எஞ்சின். உடைந்தால் எந்த ஒர்க்‌ஷாப் ஃபோர்மனும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். அங்கிள் அதை 1983-இல் இரண்டாம் கையாக வாங்கினார். இரண்டு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அதில். மனைவியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

காட்சிகளில் அவர் காடிக்கு யாரும் பரிசு கொடுத்ததில்லை. கதவுக்குக் கீழே துரு, டேஷ்போர்டில் வெயில் விட்ட பிளவு. நடுவில் ஒட்டியிருந்த முருகன் நிறம் போய் நீலமாக மாறியிருந்தார். காடியை நிறுத்தியதும் அங்கிள் செய்யும் முதல் வேலை, பூட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டித் துண்டை எடுத்து எஞ்சினுக்குக் கீழே தள்ளுவது. ஆயில் சொட்டும். "ஒழுகுனா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம் தம்பி. ஒழுகலைன்னாதான் பயப்படணும்."

2009-இல் அவர் ஒரு முறை பயந்திருக்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேலான காடிகளைக் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால்தான் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க முடியும் என்று அந்த அக்டோபரில் அரசாங்கம் அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த மாதமே கைவிட்டார்கள். "நம்ம மாதிரி ஆளுங்க காடிங்கள எல்லாம் ஒரே நாள்ல இரும்புக் கடைக்கு அனுப்பப் பாத்தானுங்க" என்பார். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகள் இதைக் கேட்டால் சிரிப்பாராம். அங்கே 1990-இலிருந்து காடி வைத்துக்கொள்ளவே பத்து வருட உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பழங்காடித் திட்டத்தில் சேர்க்க முப்பத்தைந்து வயதாவது ஆகியிருக்க வேண்டும், சேர்த்தாலும் வருடத்தில் நாற்பத்தைந்து நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். "பேசாம என்னையும் அந்தத் திட்டத்துல சேத்துடலாம். வருசத்துக்கு நாப்பத்தஞ்சு நாளுதான் வெளிய போறேன்."

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவரே போன் செய்தார். கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது, டாக்டர் ஓட்ட வேண்டாம் என்றுவிட்டார். மகன் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறான், ஒரே ஒரு பார்க்கிங். காடியை விற்க வேண்டும், படம் எடுத்துத் தர முடியுமா என்றார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போனேன். காடியைக் கழுவி, டயருக்குக்கூட எண்ணெய் தேய்த்து வைத்திருந்தார். விற்பனைப் படம் என்பது வேறு வகை. நாலு மூலையிலிருந்தும் ஒன்று, எஞ்சின், மைல் கணக்கு, சேசிஸ் நம்பர், சீட். என் கை தானாகப் பெடல் பக்கம் போனது. அவர் சிரித்தார். "அத யாரு பாக்கப் போறா?" துருப்பிடித்த இடத்தை மட்டும் தவறாமல் எடுக்கச் சொன்னார். வாங்குகிறவன் வந்து பார்த்து ஏமாறக் கூடாது என்றார்.

பிளேட்டை மறைத்துவிடலாமா என்று கேட்டேன். இணையத்தில் விற்பனைக்குப் படம் போடுகிறவர்கள் எண்ணை மறைப்பது வழக்கம். அதுவும் அவருடையது இரண்டே இலக்க எண். நம் நாட்டில் அது தனிச் சந்தை. எண்ணை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஜேபிஜே வழியாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், சிலர் பழைய காடியை அதன் எண்ணுக்காகவே வாங்குவார்கள். எண் புதுக் காடிக்குப் போகும். பழையது வேறோர் எண்ணோடு எங்கேயோ போகும். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவருக்குத் தெரியாததா?

"நம்பர் தெரியணும் தம்பி. அது இல்லாம இது என் காடின்னு எப்படிச் சொல்றது? உலகத்துல மஞ்சள் டட்சனா இல்ல?"

நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள் என்றேன். "நான் எதுக்கு? ஆளப் பாத்தா வெல கொறச்சிக் கேப்பான்." விற்பனைக்கான படங்களெல்லாம் முடிந்த பிறகு, இன்னொன்று உங்களுக்காக என்று வற்புறுத்தி நிறுத்தினேன். சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தார். கை மட்கார்டுக்குப் போனது. கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன், பிளேட் முழுசாகத் தெரிகிற மாதிரி. அந்த ஒரு படத்தைத்தான் பெரிதாகக் கழுவிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

சிரம்பானிலிருந்து ஒரு மலாய் இளைஞர் வந்தார். 'பாக்சிக், பாக்சிக்' என்று மரியாதையாகப் பேசினார். கேட்ட பதினெட்டாயிரம் வெள்ளியில் ஆயிரத்தைக் குறைத்து முடித்தார்கள். இழுவை லோரி வேண்டாம், ஓட்டிக்கொண்டே போகிறேன் என்றார் இளைஞர். அது அங்கிளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டைத் துண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்பினாராம்.

போன ஆகஸ்டில் தைப்பிங் ஏரிக்கரைப் பக்கம் ஒரு காட்சி. வரிசையின் கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு 120ஒய், உருண்டு திரண்ட புது டயர், கறுப்பு சீட், அடியில் தாழ்த்தி விட்டிருந்தார்கள். பினாங்குக்காரர் ஒருவருடையது, அவர் மூன்று மாதம் முன்பு வேறு யாரிடமோ வாங்கியதாம். பிளேட் அண்மையில் பதிந்த எண். நான் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போலரைசரைத் திருப்பியதும் முன்கண்ணாடியிலிருந்து மரங்கள் விலகி டேஷ்போர்டு தெரிந்தது. பிளவை நிரப்பிக் கறுப்பு அடித்திருந்தார்கள். நடுவில் மட்டும் ஒரு பெருவிரல் அகலத்துக்குச் சதுரமாக மேடு தட்டியது. முருகனைச் சுரண்டாமல் அப்படியே மேலே பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். கிளச் பெடலின் ரப்பர் மாற்றப்படவில்லை, இடது ஓரம் தேய்ந்திருந்தது.

பழைய எண் எங்கே போனது என்று அந்தப் பினாங்குக்காரருக்குத் தெரியவில்லை. வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. காடியை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார். சின்ன மகளைப் பானெட்டில் உட்கார வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

அங்கிளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு மூன்று படம் அனுப்பினேன். முழுக் காடி, அந்தச் சதுர மேடு, பெடல். இரவு பத்து மணிக்கு மேல் குரல் செய்தி வந்தது. இருமிவிட்டுப் பேசினார்.

"ஆரஞ்சு அடிச்சிட்டானா... சரி. கீழ பாத்தியா தம்பி? ஆயில் ஒழுகுதா?"

கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவில், தார்த் தரையில் ஒரு வெள்ளி அளவுக்குக் கறுப்பாக இரண்டு பொட்டு.

ஒழுகுது அங்கிள் என்று எழுதி அனுப்பினேன். அட்டை வச்சிருக்கானா என்று திருப்பிக் கேட்டார்.